பூட்டை உடைக்க நாலு பேர் வேண்டும்

2024 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தல் சூட்டில், ஒடிசாவில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் பிரதமர் ஒரு சாவியைப் பற்றிப் பேசினார். புரி ஜெகந்நாதர் கோயிலின் நகை அறையான ரத்ன பண்டாரத்தின் சாவியை ஆறு வருடமாகக் காணவில்லை, அது தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்களே என்றார். அப்போதைய ஒடிசா முதல்வருக்கு நெருக்கமாக இருந்த, தமிழ்நாட்டுக்காரரான முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியை வைத்துச் சொன்ன பேச்சு அது. தமிழர்கள் மேல் திருட்டுப் பழியா என்று மு.க. ஸ்டாலின் கண்டித்தார். தொலைக்காட்சிகளுக்கு நல்ல தீனி.

எனக்கு அந்த அரசியலைவிடச் சாவிதான் உறுத்தியது. நான் வங்கியில் காசாளராகச் சேர்ந்து, காரைக்குடிப் பக்கம் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுக்க ஏதாவது ஒரு சாவி என் இடுப்பில் இருந்தது. சாவி தொலைந்தால் பெட்டியைத் திறப்பது பெரிய காரியமில்லை, அரை நாள் வேலை. யார் முன்னால் திறந்தார்கள், உள்ளே என்ன இருந்தது, அதை யார் எழுதி வைத்தார்கள் என்று பிற்பாடு வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் மாளாது. பூட்டின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இரும்பைப் பற்றி மட்டும் இல்லை, இந்தக் கேள்விகளைப் பற்றியும்தான் என்று தெரிகிறது.

நம் ஊரில் இதற்கு மிகப் பழைய கதை சிதம்பரத்தில் இருக்கிறது. தேவார ஓலைகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று நம்பியாண்டார் நம்பி சொல்ல, ராஜராஜ சோழன் அங்கே போகிறான். தில்லைவாழ் அந்தணர்கள் மறுக்கிறார்கள். அறைக்குத் தேவாரம் பாடிய மூவரின் கை இலச்சினை இட்டிருக்கிறது, அந்த மூவரே வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ராஜாவிடம் படை உண்டு, யானை உண்டு. கதவு எம்மாத்திரம்? ஆனால் அவன் உடைக்கவில்லை. மூவர் திருவுருவங்களுக்கும் பூசை செய்து, ஊர்வலமாக எழுந்தருளச் செய்து, அறை வாசலில் நிறுத்தி, ‘இதோ மூவரும் வந்துவிட்டார்கள்’ என்றான். கதவு திறந்தது. உள்ளே ஓலைகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை இது.

பக்தர்கள் இதைப் பக்தியோடு படிக்கட்டும். நான் வங்கிக்காரனாகப் படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து வைத்த பூட்டை மூன்று பேரும் வந்துதான் திறக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஜாயின்ட் கஸ்டடி என்று பெயர். பொறுப்பாளர்கள் இல்லாதபோது அவர்கள் இடத்தில் யாரை நிறுத்துவது என்பதற்கும் முறை உண்டு. எல்லோரும் கூடியிருக்க, பகலில், ஊரறியத் திறந்தார்கள். அதனால்தான் உள்ளே இருந்தது கொஞ்சமே என்றபோதும் திருடிவிட்டார்கள் என்று எவரும் சொன்னதாகக் கதையில் இல்லை. பழி கறையானோடு போயிற்று. குடவோலை முறையிலும் இதே பழக்கம் தெரிகிறது. கயிற்றால் கட்டி இலச்சினை வைத்த குடத்தைப் பிரித்து ஓலை எடுப்பதை அகநானூற்றின் 77-ஆம் பாட்டு உவமையாகவே சொல்கிறது. பொதுவில் வைத்த முத்திரையைப் பொதுவில்தான் உடைக்க வேண்டும் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்த நடைமுறை.

இரும்பின் கதை வேறு பாதையில் போயிற்று. சாவி இல்லாதவன் திறக்கவே முடியாத பூட்டு ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். 1778-ல் ராபர்ட் பேரன் லீவர் பூட்டைச் சீர்படுத்தினார். பூட்டுக்குள் இருக்கும் சின்னத் தகடுகள்தான் லீவர். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. இன்றைக்கும் பல இரும்புப் பெட்டிகளிலும் லாக்கர்களிலும் இருப்பது இதன் பேரப்பிள்ளைதான்.

1817-ல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டைச் செய்பவருக்குப் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெரமையா சப் என்பவர் டிடெக்டர் பூட்டோடு வந்தார். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியை விட்டு நோண்டுபவன் ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் தன் சாவியைப் போடும்போது யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கே சிறைக்கப்பலில் பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவன் இருந்தான். இதைத் திறந்தால் விடுதலை, கூடவே 100 பவுண்டு என்றார்கள். மாதக்கணக்கில் முயன்று கையை விரித்துவிட்டான்.

லண்டன் பிக்கடில்லியில் பிராமா கம்பெனிக் கடை ஜன்னலில் இன்னொரு பூட்டு தொங்கியது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி என்று 1790-லிருந்து எழுதி வைத்திருந்தார்கள். அறுபது வருடம் அது சும்மா தொங்கியது. 1851-ல் உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் வந்தார். சாட்சிகளை நிற்க வைத்து, சப் பூட்டு ஒன்றை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமாவுக்குப் போனார். மூன்று நடுவர்கள் நியமிக்கப்பட்டு, 30 நாள் கெடு வைக்கப்பட்டது. 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேர வேலையில் அதையும் திறந்துவிட்டார். பத்திரிகைகளில் ஒரே அமளி. நாட்டின் செல்வமெல்லாம் திறந்து கிடக்கிறது என்று பயந்தார்கள்.

ஹாப்ஸ் திறந்ததை லண்டன் எப்படி ஒத்துக்கொண்டது என்று பாருங்கள். திறக்க முடியாது என்று அறுபது வருடம் சொன்ன கம்பெனிக்கு, ‘ஏமாற்றினான்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? முறைப்படி நடந்ததா என்று முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனால் நடுவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு பணத்தைக் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு திறக்கவே முடியாத பூட்டு என்று விவரம் தெரிந்த யாரும் பேசுவதில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள்.

நம் நாட்டுக்கு இந்தத் தொழில் பம்பாய் வழியாக வந்தது. அர்தேஷிர் கோத்ரெஜ் என்ற பார்சி வக்கீல், வக்கீல் தொழில் சரிப்பட்டு வராமல், அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்து அதுவும் நடக்காமல், பம்பாயில் பெருகிவந்த திருட்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, 1897-ல் லால்பாகில் பூட்டுப் பட்டறை வைத்தார். 1902-ல் முதல் இரும்புப் பெட்டி வந்தது. 1923-ல் எஃகு அலமாரி. கல்யாணச் சீரில் ‘காட்ரேஜ் பீரோ’ இடம்பிடித்த கதை அங்கிருந்து தொடங்குகிறது. 

இரும்புப் பெட்டிக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி நெருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ் பெட்டிகள் பலவற்றில், இரட்டைச் சுவருக்கு நடுவே படிகாரம் கலந்த பொடியை அடைத்தார்கள். சூடு ஏறினால் படிகாரத்திலிருந்து நீராவி கிளம்பும். அது உள்ளே இருக்கும் காகிதத்தைக் கருக விடாது. ஆனால் நெருப்பு அணைந்ததும் பெட்டியைத் திறக்க ஓடக் கூடாது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்குப் பின் ஊரே எரிந்தபோது, அவசரப்பட்டுத் திறந்தவர்களின் பெட்டிகளில் காற்றுப் பட்டதும் நோட்டும் பத்திரமும் கண்ணெதிரே பற்றிக்கொண்டன. பொறுத்திருந்து ஆறவிட்ட வங்கிகள் பிழைத்தன. கையில் சாவி இருந்தும் திறக்கக் கூடாத நேரம் உண்டு.

இனி நான் பார்த்த ஒரு பெட்டி. செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் பெரிய வீடு. மூத்த ஆச்சி காலமாகிவிட்டார். அவர் இடுப்பில் இருந்த கொத்துச்சாவியில் எல்லாச் சாவியும் இருந்தன, இரும்புப் பெட்டிச் சாவி மட்டும் இல்லை. நான்கு பங்காளி வகையறா. ஒரு வகையறா கொண்டுவந்த ஆளை இன்னொரு வகையறா நம்பாது. எல்லோருக்கும் தெரிந்தவன் என்று கிளை மேலாளரான என்னை வந்து உட்காரச் சொன்னார்கள். திண்டுக்கல்லிலிருந்து பூட்டுக்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்திறங்கினார். கையில் ஒரு சாக்குப் பை.

திண்டுக்கல் என்றதும் நமக்கு மாங்காய்ப் பூட்டுதான் நினைவுக்கு வரும். மணியடிக்கும் பூட்டு, சூட்சுமப் பூட்டு என்று எத்தனையோ வகை. நாகல் நகர், நல்லாம்பட்டி பக்கம் வீட்டுக்கு வீடு அரம் ராவும் சத்தம் கேட்ட காலம் உண்டு. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கியதும் அந்தச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைச் செய்யத் தெரிந்தவனுக்குத் திறக்கவும் தெரியும் என்பதால் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை எங்கே பெட்டி முரண்டு பிடித்தாலும் அங்கிருந்துதான் ஆள் வருவார்.

அவர் வந்ததும் பையைப் பிரிக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு முறை திருகிப் பார்த்தார்.

“முதல்ல பூட்டியிருக்கான்னு பார்க்கணும் சார். சும்மா சாத்திக் கெடக்குற பெட்டியை உடைச்ச கதையெல்லாம் உண்டு.”

பூட்டியிருந்தது. கதவு முழுக்க வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். சாவித் துவாரம் கண்ணில் படவில்லை. குமிழ்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தது. அதற்குப் பின்னால் துவாரம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். பிறகு பல் வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவத்தியில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, துவாரத்தில் விட்டு மெல்லத் திருகி வெளியே எடுத்தார். கரியில் மயிரிழைபோல் வெள்ளைக் கீறல்கள். லீவர் உரசிய இடங்கள் அவை. அந்த இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி கரி, மறுபடி திருகல். பஸ் நிலையத்து வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்து சாவி போட்டுக் கொடுப்பவர்கள் செய்வதும் இதுதான். ஆனால் பெட்டிச் சாவியின் பல் விரல் நீளம். மத்தியானம் வரை அரம் பேசிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நிமிர்ந்தார். “ஒரு லீவர் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. துளை போட்டுத்தான் ஆகணும். வீட்டுக்காரங்க எல்லாருக்கும் சம்மதமான்னு கேட்டுக்கங்க சார்.”

நான்கு வகையறாவிலும் மூத்தவரான பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாயால சொன்னாப் பத்தாதப்பா. ஆளுக்கு ஒரு கையெழுத்தப் போடுங்க. அப்புறம் என் பேத்திக்கு இருந்த அட்டிகையக் காணோம்னு எவனும் வரக் கூடாது” என்றார். ஒரு முழுத்தாளில் நான் எழுதினேன். நான்கு கையெழுத்து, சாட்சிக்கு என்னுடையது, பூட்டுக்காரருடையது.

கைத்துளையான் மெல்லச் சுற்றியது. இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது. திடீரென்று துளை வழியே வெளுத்த பொடி கொட்டியது. நின்றிருந்த பையன் ஒருவன், “தாத்தா, வெள்ளியா?” என்றான். பூட்டுக்காரர் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “படிகாரம். இங்கிலீஷ் பெட்டி” என்றார். துளைக்குள் ஒரு கம்பியை விட்டுத் தட்டியதும் ‘டொக்’ என்று தாழ் விலகியது.

உள்ளே தங்கம் என்று பார்த்தால் ஒரு சின்ன டப்பாதான். மற்றதெல்லாம் காகிதம். பர்மாக் கடைப் பேரேடுகள், நிலப் பத்திரங்கள், ஜப்பான்காரன் அச்சடித்த செல்லாத நோட்டுக் கட்டு ஒன்று. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அந்தப் பத்திரங்களுக்கு அதற்குப் பிறகு காகித விலைகூட இல்லை. ஆனாலும் பெரியவர் ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொன்னார், நான் வரிசை எண் போட்டு ஜாபிதா எழுதினேன். செல்லாத நோட்டையும் எண்ணி எழுதினோம். செல்லாது என்று இன்றைக்கு நான்கு பேருக்கும் தெரியும். பத்து வருடம் கழித்து அவர்கள் பிள்ளைகளுக்கு ‘ஒரு கட்டு நோட்டு இருந்ததாமே’ என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வங்கியிலும் கருவூலத்திலும் இந்த அவநம்பிக்கையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கருவூல ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று பொக்கிஷதாரிடம். ஒருவர் மட்டும் போனால் கதவு அசையாது. வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கும் அறைக்கும் இப்போது இரட்டைப் பூட்டுத்தான். முத்திரையை வேட்பாளர்கள் முன்னிலையில்தான் உடைக்க வேண்டும். வங்கியில் பணப் பெட்டிக்குத் தலைமைக் காசாளர் ஒரு சாவி, மேலாளரோ கணக்காளரோ மற்றொன்று. எங்கள் காலத்து ஆட்கள் சிலர் அதைப் பூணூலில் முடிந்திருப்பார்கள், சிலர் அரைஞாணில். மகள் கல்யாணமே என்றாலும் சாவியை ரெஜிஸ்டரில் எழுதி ஒப்படைத்து, கையெழுத்து வாங்காமல் ஊரை விட்டு நகர முடியாது.

டூப்ளிகேட் சாவியை அரக்கு முத்திரை வைத்து வேறு கிளையில் வைப்போம். அதோடு விடுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அதை வரவழைத்துப் புழக்கத்துக்கு விட்டு, அதுவரை புழங்கியதை அரக்கு வைத்து அனுப்புவோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், “எதுக்கு சார் இந்த வெட்டி வேலை?” என்பார்கள். உறைக்குள் இருப்பது சரியான சாவிதானா, அது இன்னும் அந்தப் பூட்டைத் திறக்கிறதா என்பதைச் சோதிக்க வேறு வழி கிடையாது.

சாவி மனிதனிடம் இருந்தால் மனிதனுக்கு ஆபத்து என்பதையும் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொள்ளைக்காரர்கள் ராத்திரியில் காசாளர் வீட்டுக்குப் போய், துப்பாக்கியைக் காட்டி வங்கிக்கு இழுத்து வந்தார்கள். அதனால் ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873-ல் கடிகாரப் பூட்டைச் செய்தார். குறித்த மணி ஆகாமல் சாவிக்காரனே வந்தாலும் திறக்காது. 1876 செப்டம்பர் 7-ல் மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பல் வங்கிக்குள் புகுந்தபோது, ஜோசப் லீ ஹேவுட் என்ற ஊழியர் ‘பெட்டியில் கடிகாரப் பூட்டு இருக்கிறது, என்னால் திறக்க முடியாது’ என்று கடைசிவரை சாதித்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெட்டி அப்போது பூட்டப்படாமல் சாத்தியபடி இருந்தது. திண்டுக்கல்காரரைப் போல அவர்களில் ஒருவனுக்கும் கைப்பிடியைத் திருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்த விதிகளை மனதில் வைத்துக்கொண்டு புரிக்கு வாருங்கள். ரத்ன பண்டாரத்துக்கு வெளி அறை, உள் அறை என இரண்டு. வெளி அறை நகைகள் விழாக்களுக்குப் புழங்கும். உள் அறைச் சாவி மாவட்டக் கருவூலத்தில் இருக்க வேண்டும். 1978-ல் 70 நாள் உட்கார்ந்து முழுக் கணக்கு எடுத்தார்கள். 1985 ஜூலை 14-க்குப் பிறகு உள் அறை திறக்கப்படவில்லை. 2018 ஏப்ரல் 4-ல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி கட்டடத்தின் நிலையைப் பார்க்க ஒரு குழு போனது. உள் அறைச் சாவி கிடைக்கவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சாவி இல்லை என்ற செய்தி வெளியே வர இரண்டு மாதம் ஆயிற்று. பிறகுதான் கொந்தளிப்பு, நீதிபதி ரகுபீர் தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம். ஜூன் 13-ல் கலெக்டர் அலுவலகப் பதிவறையில் ஓர் உறை கிடைத்தது. உள் அறையின் டூப்ளிகேட் சாவி என்று மேலே எழுதியிருந்தது.

உறை கிடைத்தும் ஆறு வருடம் எவரும் அதைப் பூட்டில் போட்டுப் பார்க்கவில்லை. 2024 ஜூலை 14 பிற்பகல், நல்ல நேரம் பார்த்து, ஓய்வுபெற்ற நீதிபதி விஸ்வநாத் ரத் தலைமையில் அதிகாரிகளும் கோயில் சேவகர்களும் உள்ளே போனார்கள். உள்ளே நாகம் காவல் காப்பதாக நம்பிக்கை, அதனால் பாம்பு பிடிப்பவர்களும் தயாராக நின்றார்கள். உறையில் இருந்த சாவி பூட்டைத் திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் மூன்று பூட்டுகளையும் உடைத்துவிட்டு, அன்று நேரமாகிவிட்டதால் புதுப் பூட்டுகள் போட்டு முத்திரை வைத்தார்கள். ஜூலை 18-ல் மறுபடி திறந்து, நகைகளைக் கோயிலுக்குள்ளேயே தற்காலிகக் காப்பறைக்கு மாற்றினார்கள்.

உடைத்தது சில மணி நேர வேலை. இடையில் போன ஆறு வருடத்தில் ஒரு ஆணையம், ஒரு தேர்தல், ஒரு மாநிலத்தின் மேல் விழுந்த பழி. சாவி இல்லை என்று தெரிந்த 2018 ஏப்ரலிலேயே ஊரறியச் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட்டை வரவழைத்து உடைத்து, எண்ணி எழுதியிருந்தால் தமிழ்நாடு இந்தக் கதைக்குள் வந்தே இருக்காது.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சிக்கல் வேறு விதம். 2011-ல் உச்ச நீதிமன்றம் நியமித்தவர்கள் முன்னிலையில் ‘ஏ’ என்று குறியிட்ட நிலவறை திறந்தது. உள்ளே இருந்த செல்வத்தைக் கண்டு உலகமே வாயைப் பிளந்தது. ‘பி’ அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதை 2020 ஜூலை 13 தீர்ப்பில் நீதிமன்றம் கோயில் குழுக்களிடமே விட்டுவிட்டது. அங்கே பூட்டுக்காரருக்கு வேலை இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் சம்மதித்தால்தான் கதவு.

கோயில், கருவூலம் எல்லாம் பெரிய இடம். இன்றைக்கு நம்மில் பலருக்கு இருக்கும் ஒரே இரும்புப் பெட்டி வங்கி லாக்கர்தான். கொல்கத்தாவில் ஒருவரின் லாக்கரை, வாடகை பாக்கி என்று சொல்லி, அவருக்கு முறைப்படி தெரிவிக்காமலே வங்கி உடைத்துவிட்டது. ஏழு நகையில் இரண்டுதான் திரும்பி வந்தது என்பது அவர் வழக்கு. 2021 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதோடு, ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவிட்டது. அந்த விதிகள் 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தன. வாடகை பாக்கிக்காக உடைப்பதென்றால் முதலில் நோட்டீஸ், பிறகு ஆங்கிலத்தில் ஒன்றும் வட்டார மொழியில் ஒன்றுமாக இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு, வங்கி அதிகாரியோடு வெளியாட்கள் இரண்டு பேர் சாட்சி, வீடியோ பதிவு, பொருட்பட்டியல். வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ பொருள் போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குக்கு வங்கி பொறுப்பு. படித்துப் பார்த்தபோது, துண்டை உதறிப் போட்ட அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் ரிசர்வ் வங்கி விவரமாக எழுதியிருக்கிறது என்று தோன்றியது.

லாக்கர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். சாவி இருக்கும் இடம் வீட்டில் இன்னும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். நாமினி பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பதற்கு ஒரு பட்டியல் எழுதி வீட்டில் வையுங்கள். சாவி தொலைந்தால் நான்கு நாள் தேடிப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். தெருவில் சாவி போடுபவரிடம் போகாதீர்கள். வங்கி அனுப்பும் ஆள்தான் திறக்க வேண்டும், செலவு உங்களுடையது, பிறகு பழைய சாவி கிடைத்தால் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். உடைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஜாபிதாவை வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.